மலர் அம்சம் எண் நாற்பத்தேழு

வெதர்கில் நகராட்சியில் தெருவோரம் ஒரு குப்பைத்தொட்டியை வைக்க ஓர் அனுமதியும், வைத்த தொட்டிக்குள் குப்பையைப் போட இன்னோர் அனுமதியும் வேண்டும். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் வரி கட்டுகிற எனக்கே இது தெரியாது. பக்கத்து வீட்டு நார்மன் ஹேஸ்லமுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். எந்த நிறுத்தத்திலிருந்தும் ஒரு நிமிஷம் முன்னதாக வண்டியை எடுத்ததில்லை. விதிகள் என்றால் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும், அவருக்குப் பாசம் இருந்தது. அந்தப் பாசம்தான் அவரைச் சந்தி சிரிக்க வைத்தது.

மே மாதம் அவர் மனைவி மொரீன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. நடைப் பயிற்சி தரும் ஜெம்மா என்ற பெண் அவளைக் கைப்பிடித்து முதல் அடி வைக்கப் பழக்கினாள். பிறகு அதே ஜெம்மா ஓர் அளவு நாடாவோடு நார்மன் வீட்டுக்கு வந்தாள். மொரீன் இப்போதைக்கு மாடி ஏறக் கூடாது, கீழே முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட வேண்டும், கட்டிலின் இருபுறமும் தொண்ணூறு சென்டிமீட்டர் இடம் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் டேனரி தெரு வீடுகளின் முன்னறையில் பாதியைப் பழைய கணப்படுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். எழுபத்துமூன்று வயதில் நார்மன் ஒரு சம்மட்டியை எடுத்து இரண்டே நாளில் அதை உடைத்துத் தள்ளினார். சுவரோடு பதித்த அலமாரியையும் பெயர்த்தார். மூன்றாம் நாள் அறையில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பலகையும் இடுப்பளவு குவிந்து கிடந்தன. குவியலை வெளியே தள்ளினால் மொரீன் வீட்டுக்கு வந்துவிடலாம். மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

நகராட்சிக் குப்பைக்கிடங்கில் காரில் வரும் குப்பையைத்தான் வாங்குவார்கள். நடந்து வருபவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நார்மனிடம் கார் கிடையாது. ஆகவே ஊர் வழக்கப்படி ஒரு ஸ்கிப்பை வாடகைக்குச் சொன்னார். லாரி வந்து அந்தப் பெரிய இரும்புத்தொட்டியை இறக்கிவிட்டுப் போகும், நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போகும். தோட்டம் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீடுகளின் கதவு நேராக நடைபாதையில் திறக்கிறது. ஆகவே தொட்டி தெருவில்தான் நிற்க வேண்டும். தெரு நகராட்சியுடையது. அங்கேதான் சனி பிடித்தது.

தொட்டிக்கான அனுமதியை நார்மன் கேட்க முடியாது, அதை வாடகைக்கு விடும் கம்பெனிதான் கேட்க வேண்டும். தொட்டி நிற்கும் இடத்தில் கார் நிறுத்தத் தடை போடச் சொல்லிக் கம்பெனி கேட்க முடியாது, நார்மன்தான் கேட்க வேண்டும். கம்பெனி விண்ணப்பத்தில் தடை எண்ணை எழுதச் சொன்னார்கள். நார்மன் விண்ணப்பத்தில் அனுமதி எண்ணை எழுதச் சொன்னார்கள். பதினோரு நாள் நார்மன் தொலைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார். கடைசியில் நகராட்சியில் யாரோ தவறுதலாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

ஸ்கிப் வந்தது. மஞ்சள் நிறம், நாலு மூலையிலும் விளக்கு, சுற்றி நாலு கூம்பு. நார்மன் முதல் செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தற்காலிகத் தெருத்தடைகள் பிரிவின் மூத்த அலுவலர் ஏட்ரியன் ப்ரெண்டிஸ் கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அவரோடு சண்டை போட முடியாததற்கு அதுதான் காரணம்.

"தொட்டி வைக்கிறது ஒரு செயல், சார். நிரப்புறது வேற செயல்," என்றார். "வைக்கிறதால தெருவுல இடம் குறையுது, அவ்வளவுதான். நிரப்புனா தெருவோட தன்மையே மாறிடுது. தன்மை மாறுற விஷயத்துல நாங்க மக்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டோம். கேட்டப்புறமும் அவசரப்பட்டு எதுவும் செய்ய மாட்டோம்."

நார்மன் அந்தச் செங்கல்லை உள்ளே கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ப்ரெண்டிஸ் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் அறிவிப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினார். பதினாறாம் எண் வீட்டின் முன் உள்ள தொட்டியை நிரப்புவதில் ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுதலாம். எங்கள் தெருக்காரர்கள் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் கம்பத்தில் கட்டிய அறிவிப்பை நின்று படிப்பார்கள். இருபத்திரண்டாம் எண்காரர், தொட்டி காலியாக நிற்பது வீண் என்று ஆட்சேபித்தார். மூலைவீட்டு அம்மாள், அதை நிரப்பினால் பார்க்க நன்றாக இருக்காது என்று ஆட்சேபித்தாள். மூன்றாவது ஆட்சேபம் நார்மனுடையது. ஆட்சேபப் படிவம் அவர் வீட்டுக்கும் வந்திருந்தது. வந்த படிவத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்று நினைத்து, 'உங்கள் ஆட்சேபம்' என்ற இடத்தில் 'எதுவும் இல்லை, மிக்க நன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். மூன்று ஆட்சேபங்கள் வந்தால் இன்னும் இருபத்தொரு நாள் நீட்டிக்க வேண்டும் என்பது விதி. நீட்டித்தார்கள்.

இதற்கிடையில் தெருவே அந்தத் தொட்டியைச் சுற்றி வந்தது. இந்த நாட்டில் ஒரு வீட்டின் முன் ஸ்கிப் நின்றால், அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து, "தொந்தரவு இல்லன்னா, இந்த ஒரு சின்னச் சாமான மட்டும்..." என்று இழுப்பார்கள். நானே உடைந்த இஸ்திரிப் பலகையோடு போனேன். அனுமதி வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று நார்மன் என்னைத் திருப்பி அனுப்பினார். அவர் முன்னறைக்குள்ளேயே ஒரு வண்டிக் குப்பை கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை முழத் தூரத்தில் காலித் தொட்டி. மனிதர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தியானதும் நாலு விளக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை வந்தது. ஜூலை என்றால் ஊரையே பூவால் அலங்கரிக்கும் மலரும் ஊர்ப் போட்டி. எங்கள் ஊரில் பயன்படாமல் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிற எந்தப் பாத்திரத்திலும் பூச்செடி வைத்துவிடுவார்கள். ஓட்டைப் படகு, உடைந்த குளியல் தொட்டி, மூடிப்போன ஸ்டேஷனின் சாமான் வண்டி, எதுவும் தப்பியதில்லை. நடுவர்கள் வியாழக்கிழமை டேனரி தெரு வழியாக நடந்து வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, போட்டிக் குழுத் தலைவி ஹிலரி கார்ஸ்டாங் பச்சை மேலங்கி போட்ட பதினோரு பெண்களோடும் ஒரு தச்சரோடும் நாலு தள்ளுவண்டி உரமண்ணோடும் வந்து இறங்கினாள்.

"நார்மன் கண்ணு, இது இப்படியே நின்னா நம்ம ஊரு மானம் போயிடும்," என்றாள். "வியாழக்கிழமை வரைக்கும்தான். அவங்க போனதும் எடுத்துடறோம்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை வரைக்கும்தானே என்றார். அதோடு நிற்காமல் பதினோரு பெண்களுக்கும் தேநீர் போட்டுக் கொடுத்து, மண் சுமக்கவும் கூட நின்றார். அவ்வளவு பெரிய தொட்டியை மண்ணால் நிரப்பக் கட்டுப்படியாகாது என்று தச்சர் விளிம்புக்கு இரண்டடி கீழே ஒரு பலகைத் தளம் அடித்தார். அதன் மேல் தட்டுத் தட்டாகப் பெட்டூனியாவும் ஜெரேனியமும் அடுக்கினார்கள். மாலையில் பார்த்தால் ஸ்கிப் மணப்பெண் மாதிரி நின்றது.

ஊருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தொழில்நகரின் நினைவை நகைச்சுவையோடு மலரவைத்த டேனரி தெருத் தொட்டியை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள். அதன் பிறகு பூக்களை எடுக்கும் பேச்சே எழவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பூக்களுக்கு நடுவே நார்மன் சிரித்துக்கொண்டு நின்றார். படம் எடுப்பவன் சிரிக்கச் சொன்னான், சிரித்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தப் பத்திரிகை ஆஸ்பத்திரி வார்டுக்கும் போகும். அன்று மாலை நானும் அவரோடு மொரீனைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் பத்திரிகையை மடித்து மடிமேல் வைத்திருந்தாள்.

"பத்து வாரமா நான் இங்க மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கேன்," என்றாள். "என் பக்கத்துப் படுக்கையில மூணு பேர் மாறியாச்சு. நீ அங்க பூச்செடி வளக்குற."

"அது தொட்டி, மொரீன். உனக்காகத்தான் வாடகைக்கு எடுத்தது."

"அப்ப என்னையும் அதுலயே நட்டுடு. வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணியாவது ஊத்துவாங்க."

நார்மன் மறுநாள் காலை நகராட்சி அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றார். துணைக்கு நானும் போனேன். ப்ரெண்டிஸ் எழுந்து நின்று கை கொடுத்தார். நிரப்பும் அனுமதி வந்துவிட்டது, முத்திரையோடு இருக்கிறது என்று காகிதத்தை நீட்டினார். நார்மன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது ப்ரெண்டிஸ், ஒரே ஒரு சிக்கல், அந்த இடத்தில் இப்போது தொட்டி இல்லையே என்றார்.

"இருக்கே," என்றார் நார்மன். "என் ஜன்னலுக்கு நேரா நிக்குதே."

"அது மலர் அம்சம் எண் நாப்பத்தேழு, சார். போன வாரம் பூங்காப் பிரிவுக்கு மாறிடுச்சு. தொட்டிக் கம்பெனிகிட்டயிருந்து நாங்களே விலைக்கு வாங்கிட்டோம். அதுக்குள்ள குப்பை போட்டா பொதுச்சொத்த நாசம் பண்ண குற்றம். உங்களுக்கு இப்ப தேவை ஒரு ஸ்கிப்."

"சரி, இன்னொரு ஸ்கிப் வெச்சுக்கலாமா?"

"தாராளமா. ஆனா உங்க வீட்டு முன்னால இடம் இல்லையே. மலர் அம்சம் நிக்குதே."

நார்மன் அனுமதிக் காகிதத்தை மேஜைமேல் திரும்ப வைத்தார். ப்ரெண்டிஸுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தனிப்பட்ட முறையில சொல்றேன், உங்க பக்கம்தான் நியாயம் இருக்கு. நான் பாத்த வரைக்கும் இங்க வர்ற எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு. அதனாலதான் நான் தனிப்பட்ட முறையில எந்த முடிவும் எடுக்கிறதில்ல."

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இன்னும் பத்து நாளில் அறை தயாராகாவிட்டால் மொரீனை நாற்பது மைல் தள்ளி உள்ள முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டிவரும். அங்கே போவதற்கு மூன்று பஸ் மாற வேண்டும். நார்மன் அந்தக் கடிதத்தை என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பிறகு, அந்தப் பலகைக்குக் கீழே முழுக்கக் காலிதானே என்று கேட்டார். ஆமாம், தச்சர் அடிக்கும்போது நானும் பார்த்தேன் என்றேன்.

மறுநாள் பட்டப்பகலில், மூன்று மணிக்கு, ஆரம்பித்தோம். ஒரு பக்கத்துப் பூத்தட்டுகளைத் தூக்கி நடைபாதையில் வரிசையாக வைத்தோம். இரண்டு பலகைகளைக் கழற்றினோம். நார்மன் வாளி வாளியாகச் செங்கல்லைக் கொண்டுவர நான் உள்ளே கொட்டினேன். பாதி வேலையில் ஹிலரி கார்ஸ்டாங் சைக்கிளில் வந்தாள். நான் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் நடைபாதைப் பூக்களையும் நார்மனின் மண் அப்பிய கைகளையும் பார்த்து மனம் நெகிழ்ந்து, இவரைப் போல் நாலு பேர் இருந்தால் அடுத்த வருஷம் தங்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குள் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொந்தரவு இல்லையென்றால் என்று ஆளுக்கொரு சாமானோடு வந்தார்கள். ஆட்சேபித்த இருபத்திரண்டாம் எண்காரர் ஒரு துருப்பிடித்த புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நார்மன் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆறு மணிக்குப் பலகையை மூடிப் பூக்களை அடுக்கியாயிற்று. இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கு வந்த ப்ரெண்டிஸ், மண் நன்றாக இறுகியிருக்கிறது, சிறந்த பராமரிப்பு என்று எழுதிக்கொண்டு போனார்.

அறை காலியாயிற்று. கட்டில் வந்தது. ஜெம்மா வந்து அளந்தாள், இரண்டு பக்கமும் தொண்ணூறு. ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி மொரீனை ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பொதுமக்கள் நின்று ரசிப்பதற்காக மலர் அம்சத்தின் இருபுறமும் இரண்டு கார் நீளத்துக்கு நகராட்சி சங்கிலி போட்டிருந்தது. அங்கே எந்த வண்டியும் நிற்கக் கூடாது. அதைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் குடியிருப்பவர்களின் கார்கள் நின்றன. ஓட்டி வந்த பையன் இறங்கி வந்து அளந்தான், வீட்டுக் கதவுக்கு நாற்பத்திரண்டு மீட்டர். சக்கர நாற்காலியில் பத்து மீட்டருக்கு மேல் தள்ளுவதானால் வழியை முன்கூட்டியே மதிப்பீடு செய்திருக்க வேண்டுமாம். இவரைத் திருப்பிக் கூட்டிப்போகிறோம், அடுத்த தேதி ஒன்பது நாள் கழித்துக் கிடைக்கும் என்றான்.

"என் வீட்டுக் கதவு இங்கயிருந்தே தெரியுது," என்றாள் மொரீன் வண்டிக்குள்ளிருந்து. "எறக்கி விடுப்பா."

அவள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நார்மன் இரண்டு கையையும் நீட்டியபடி அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். நான் என் அடுக்களை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். ஸ்கிப் வரைக்கும் வந்ததும் அதன் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினாள். முகம் காகிதமாக வெளுத்திருந்தது.

"இதுதானா?"

"இதுதான்."

"பெட்டூனியான்னா எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியுமே, நார்மன்," என்று சொல்லிவிட்டு மிச்சத் தூரத்தையும் நடந்து வீட்டுக்குள் போனாள். நான் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த மூன்று நாள் அவளால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. நாலாம் நாள் கடிதம் வந்தது. மொரீன் ஹேஸ்லம் அவர்கள் நாற்பத்திரண்டு மீட்டர் நடந்ததாக ஆம்புலன்ஸ் பணியாளர் பதிவு செய்திருக்கிறார், வாழ்த்துக்கள். பத்து மீட்டருக்கு மேல் நடப்பவர்களுக்குக் கட்டில் வழங்க விதியில்லை, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்க அவர்களுடைய படிவத்தில் கட்டமே இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். அம்மா கொஞ்சம் எழுந்திருக்க வேண்டும், கட்டிலை எடுக்க வேண்டும் என்றார்கள். மொரீன் நார்மனைப் பார்த்தாள்.

"அவளால எழுந்திருக்க முடியாது," என்றார் நார்மன். "நடக்கவே முடியாது."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது. ஆள் படுத்திருக்கும் கட்டிலை எடுப்பதற்கு அவர்களிடம் காகிதம் இல்லை. 'நோயாளி நடக்க இயலாதவர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஜெம்மா நேரில் வந்து சோதிக்கிறாள்.

இப்போது அக்டோபர். மாடிப்படியின் முதல் படியில்கூட மொரீனால் கால் வைக்க முடியவில்லை. ஆனால் தெருவில் ரொட்டிக்கடை வரைக்கும் போய்விட்டுத் தானே திரும்பி வருகிறாள், நான் பார்க்கிறேன். ஜெம்மா வருகிற அன்று மட்டும் கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பாள். போன தடவை ஜெம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே தப்புப் பண்ணினேன் என்று தெரியவில்லை, ஒரு அடிகூட முன்னேற்றம் இல்லையே, மனசை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மொரீன் எழுந்து அடுக்களைக்கு நடந்து வந்தாள். நடைச்சட்டம் இல்லாமல், சுவரைப் பிடிக்காமல் வந்தாள். நானும் நார்மனும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம்.

"மொத அடி வைக்கச் சொல்லிக் குடுத்தவ அவதான்," என்றாள். "ஊருக்கே காட்டியாச்சு. அவகிட்ட மட்டும் நடந்து காட்ட முடியலையே."

நார்மன் எழுந்து போய், அடுத்த சோதனைத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்தார்.